மேடை ஏறிய கணிதம்

காதல் நாடகமாகும், வீரம் நாடகமாகும், வறுமையும் வஞ்சமும் நாடகமாகும். கணிதம் நாடகமாகுமா? இவ்வினாவைக் கேட்டால் நம்மவரிற் பெரும்பாலோர் நகைப்பர். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று பிள்ளைப் பருவத்திலேயே ஓதிவிடுகிறோம். ஆயினும் எழுத்துக்குக் கூத்தும் பாட்டும் அரங்கும் கொடுத்த நாம், எண்ணுக்குக் கொடுத்தது பரீட்சை மண்டபம் ஒன்றே. எண்ணுக்கும் ஓர் அழகு உண்டு, அவ்வழகு கண்டு மனிதர் கண்ணீர் விடவும் கூடும் என்று ஒருவர் கூறினால் நம்ப மறுக்கிறோம்.

அங்ஙனம் மறுப்பவர் அறியவேண்டிய நாடகம் ஒன்றைப் பற்றியே இந்த ஞாயிறு நாம் எழுதப் புகுந்தோம். ‘ஏ டிசப்பியறிங் நம்பர்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். ‘மறைந்துபோகும் எண்’ என்று தமிழிற் சொல்லலாம். கொம்பிளிசிற்றே என்னும் ஆங்கில நாடகக் குழு, சைமன் மக்பேர்ணியின் நெறியாள்கையில் 2007ஆம் ஆண்டு பிளிமத் நகரில் இதனை முதன்முதலாக அரங்கேற்றியது. பின்னர் இலண்டனிலும் பிற நாடுகளிலும் ஆடப்பெற்று, 2008இல் சிறந்த புதிய நாடகத்துக்கான ஒலிவியே பரிசையும் பெற்றது. 2010இல் உலகக் கணித அறிஞர் பேரவை ஐதராபாத்திற் கூடியபோது, அவ்வறிஞர் முன்னிலையிலும் இந்நாடகம் நடிக்கப்பட்டது. கணிதத்தைப் பற்றிய நாடகத்தைக் கணித மேதைகளின் முன்னே ஆடிக்காட்டுவது, கம்பர் இருந்த அவையிற் கவி பாடுவது போன்ற துணிவு அன்றோ!

இந்நாடகத்தின் வித்தில் நம் நாட்டின் தொடர்பும் ஒன்று உண்டு. கணித அறிஞர் ஹார்டி 1940இல் வெளியிட்ட, ஒரு கணிதவாணனின் தன்னிலை விளக்கம் என்று சொல்லத்தக்க சிறுநூலை மக்பேர்ணியின் கையிற் கொடுத்தவர், கொழும்பிற் பிறந்து கனடாவில் வாழும் எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி. அந்நூல் பல ஆண்டுகள் உள்ளத்திற் கிடந்து முளைத்து நாடகமாயிற்று.

நாடகத்தின் உயிர்நாடி நம்மவர் பலரும் அறிந்த இராமானுசன் வரலாறே. 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரிப் பரீட்சையில் தவறியவர். சென்னைத் துறைமுகக் காரியாலயத்திற் சொற்ப சம்பளத்துக்கு எழுதுவினைஞராய் இருந்தவர். அவர் 1913 சனவரியில், கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிலிருந்த ஹார்டிக்குத் தாம் கண்ட தேற்றங்கள் பலவற்றை எழுதி அனுப்பினார். பித்தன் ஒருவனின் கிறுக்கலோ என ஐயுற்ற ஹார்டி, அன்றிரவே நண்பர் லிற்றில்வூட்டுடன் இருந்து ஆராய்ந்து, எழுதியவர் ஒரு மாமேதை என்று தெளிந்தார். 1914இல் இராமானுசன் கடல் கடந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து நோயாளியாய்த் திரும்பி, 1920 ஏப்பிரல் 26இல், தமது 32ஆம் வயதிற் காலமானார்.

இவ்வரலாற்றை மட்டும் வரிசையாக நடித்துக் காட்டியிருந்தால் அது மற்றொரு பெரியார் சரித்திரமாக முடிந்திருக்கும். மக்பேர்ணி அவ்வாறு செய்யவில்லை. பழங்கதையோடு நம் காலத்துக் கதை ஒன்றையும் பின்னினார். ரூத் என்பவள் ஆங்கிலக் கணித விரிவுரையாளர். அல் கூப்பர் இந்திய வழிவந்த அமெரிக்க வணிகர். அவளுடைய விரிவுரைக்கு வந்த அவர் அவள்மீது காதல் கொள்கிறார்; மணம் நிகழ்கிறது. அவளோ இராமானுசனின் அடிச்சுவடு தேடி இந்தியா சென்று, அங்கேயே உயிர் துறக்கிறாள். இராமானுசன் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்று இறப்பின் நிழலோடு மீள்கிறார். நூறாண்டின் பின் ரூத் எதிர்த் திசையிற் சென்று மீளாமலே போகிறாள். இரு பயணங்களும் ஒரே மேடையில், சில வேளை ஒரே கணத்தில், ஒன்றையொன்று ஊடறுக்கின்றன. பின்னணியில் தபலா ஒலிக்கிறது. தாளம் என்பது காதாற் கேட்கும் எண் அல்லவா?

தொடக்கக் காட்சியே புதுமையானது. ரூத் எழுதுபலகையின் முன் நின்று எண்தொடர்களை எழுதி விளக்குகிறாள். முடிவில் 1+2+3+4+… என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டு போனால் விடை -1/12 என்று எழுதுகிறாள்! அவையோர் திகைத்திருக்கையில் மற்றொரு பாத்திரம் முன்வந்து, தான் நடிகன் என்றும், இந்தக் கதவும் சுவரும் மெய்யல்ல என்றும், இங்கே மெய்யாக உள்ளது கணிதம் ஒன்றே என்றும் அறிவிக்கிறது. நாடகம் முழுமைக்கும் திறவுகோல் இதுவே என்பது நம் கருத்து. அரங்கு என்பது அழகிய பொய். அந்தப் பொய்யின் நடுவே, எவராலும் அழிக்கவொண்ணாத ஒரு மெய்யை வைத்துக் காட்டுகிறார்கள். அரசர் வேடம் பூண்டவன் திரை விழுந்ததும் அரசனல்லன். ஆனால் மேடையில் எழுதிய தேற்றம் திரை விழுந்த பின்னும் தேற்றமே.

இனி, அந்த -1/12 என்ன மாயம் என்று மாணவர் கேட்பர். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நம்மோடு வரட்டும்.

முதலில் 1-1+1-1+… என்னும் தொடரை நோக்குக. ஓர் உறுப்போடு நிறுத்தினால் விடை 1. இரண்டோடு நிறுத்தினால் 0. இவ்வாறு 1, 0, 1, 0 என மாறிமாறி வரும். இவற்றின் சராசரியாகிய 1/2ஐ இதன் பெறுமானமாகக் கொள்வோம். அடுத்து 1-2+3-4+… என்னும் தொடர். அதனையே ஓர் இடம் தள்ளி எழுதி அதனோடு கூட்டினால், முன்கண்ட 1-1+1-1+… கிடைக்கும். ஆகவே இதன் இருமடங்கு 1/2. இதன் பெறுமானம் 1/4. இறுதியாக 1+2+3+4+… என்பதிலிருந்து 1-2+3-4+… என்பதைக் கழித்தால், எஞ்சுவது 4+8+12+…. அஃதாவது முதற்றொடரின் நான்கு மடங்கு. ஒரு தொடரிலிருந்து 1/4ஐக் கழிக்க அதன் நான்கு மடங்கு வருமாயின், அதன் மும்மடங்கு -1/4 ஆதல்வேண்டும். எனவே விடை -1/12.

இதனைக் கண்டு மகிழ்வோர் மகிழ்க. ஐயுறுவோர் பெரிதும் ஐயுறுக! ஐயமே இங்குச் சிறந்த குணம். பள்ளியிற் கற்கும் பொருளில் 1+2+3+… என்பது எல்லையின்றி வளரும் விரிதொடர். அதற்குக் கூட்டுத்தொகை என ஒன்று இல்லை. முடிவுள்ள கூட்டலுக்கு உரிய விதிகளை முடிவிலாத் தொடருக்கு நாம் துணிந்து ஏற்றியமையாலேயே மேலைய விடை வந்தது. அவ்வாறாயின் விடை வெறும் சொக்கட்டான் வித்தையா? அதுவும் அன்று. 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் இவ்வழியிற் சென்றார். 1859இல் ஜேர்மானியர் றீமான், கூட்டல் என்பதற்கு விரிந்த வேறொரு பொருள் கொடுத்து, -1/12 என்பதற்கு உறுதியான அடித்தளம் இட்டார். சென்னையில் வழிகாட்ட ஒருவருமின்றி இருந்த இராமானுசன் அதனைத் தாமே கண்டார். இம்முடிவைச் சொன்னாற் பைத்தியக்கார ஆசுபத்திரிக்குப் போ என்பீர்கள் என்று ஹார்டிக்கு அவரே எழுதியும் வைத்தார். தம் கூற்று எவ்வளவு விபரீதமாகத் தோன்றும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்தும் அதனைக் கைவிடவில்லை.

கணிதத்தின் அழகு என்பதுதான் யாது? ஓவியனும் கவிஞனும் போலக் கணிதவாணனும் கோலங்களைப் படைப்பவன் என்றும், அவன் கோலங்கள் கருத்துகளால் ஆனவையாதலின் நெடிது நிலைப்பன என்றும் ஹார்டி கருதினார். நம் வீட்டு முற்றங்களிற் புள்ளிக் கோலம் இடும் பெண்மணிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. புள்ளிகள் குறைந்தும் கோலம் நிறைந்தும் இருப்பதே கோலத்தின் சிறப்பு. சிறந்த நிறுவலும் அத்தகையதே.

ஹார்டி தம் நூலில் எடுத்துக்காட்டிய நிறுவல் ஒன்றைச் சொல்வோம். முதன்மை எண்கள் முடிவில்லாதன என்பதை 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர் யூக்கிளிட்டு நிறுவினார். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவையே முதன்மை எண்கள், வேறில்லை என ஒருவன் பிடிவாதம் செய்கிறான் என்க. அவை அனைத்தையும் பெருக்கி 1ஐக் கூட்டுமாறு சொல்லுங்கள். 30,031 வரும். அதனை அவனுடைய எண்களில் எதனால் வகுத்தாலும் 1 எஞ்சும். ஆகவே அதனை மீதியின்றி வகுக்கும் முதன்மை எண் ஒன்று அவன் பட்டியலுக்கு வெளியே இருந்தே தீரவேண்டும். தேடினால், 59ஐ 509ஆற் பெருக்க 30,031 வருகிறது. அவ்விரண்டும் அவன் அறியாத முதன்மை எண்கள். அவன் எவ்வளவு நீண்ட பட்டியல் கொண்டுவந்தாலும் இதே கதிதான். நாலைந்து வரிகளில் முடிவிலியை முற்றாகக் கட்டிப்போட்டுவிட்டது மனித அறிவு. இதில் அழகு காணாதவர், அழகு என்னும் சொல்லை வேறெங்கு வைத்துப் பயன்படுத்துவர்?

நாடகத்துக்கு மீள்வோம். இராமானுசனும் ஹார்டியும் சேர்ந்து செய்த பெரும்பணி எண்களின் பங்கீடு பற்றியது. 4 மாம்பழங்களை எத்தனை வகையாகக் குவியலிடலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனி நான்கு. ஆக 5 வகை. 10 பழமாயின் 42 வகை. 100 ஆயின் 190,569,292 வகை. 200 ஆயின் 3,972,999,029,388 வகை! இதனை மக்மகன் என்னும் அறிஞர் படிப்படியாகக் கையாற் கணித்தார். இராமானுசனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட சூத்திரமோ, சில உறுப்புகளைக் கணித்த அளவிலேயே அதே விடையைக் காட்டியது. குழந்தையும் கேட்கக்கூடிய கேள்விக்கு விடை காண, அக்காலத்து உயர்கணிதம் முழுவதும் தேவைப்பட்டமை வியப்பிலும் வியப்பு. நாடகம் இந்தப் பங்கீட்டையும், விரிந்தும் ஒருங்கியும் செல்லும் தொடர்களையும், பிறந்த மண்ணை விட்டு உலகெங்கும் சிதறிய இந்தியக் குடும்பங்களின் வாழ்வுக்கு உவமையாக்குகிறது. ஒரு குவியலாய் இருந்த குடும்பம் எத்தனை குவியல்களாகப் பிரிந்தது என்று எண்ணிப் பார்க்க, நம் நாட்டுத் தமிழ் வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

இனி நாடகத்தின் நெஞ்சாங்குலைக்கு வருவோம். மனைவியை இழந்த அல், அவள் பாடஞ்சொன்ன மண்டபத்தில் இருந்துகொண்டு, தொலைபேசிக் கம்பனியாரோடு மன்றாடுகிறார். அவளுடைய தொலைபேசி எண்ணை இழக்க அவருக்கு மனமில்லை. மறைந்துபோகும் எண் அதுவே. கம்பனிக்கு அது வெறும் இலக்கங்கள். அவருக்கோ, அழைத்தால் அவள் குரல் கேட்ட வழி. மாண்டவர் எண்ணைத் தம் கைத்தொலைபேசியிலிருந்து நீக்க மனம்வராத தாய்மாரும் தமையன்மாரும் நம் நடுவிலும் எத்தனையோ பேர். அவர்களுக்கு இக்காட்சியின் கனதி தெரியும்.

இங்குதான் கணிதம் ஆறுதல் கூற வருகிறது. 1/2+1/4+1/8+1/16+… என்று கூட்டிக்கொண்டே செல்க. எந்தப் படியிலும் 1ஐ எட்டமாட்டீர்கள். ஆனால் எத்துணைச் சிறிய இடைவெளியை ஒருவர் குறித்துச் சொன்னாலும், அதனினும் நெருக்கமாய் 1ஐ அணுகிவிட முடியும். இதனையே ஒருங்கும் தொடர் என்பர். இறந்தவளைக் கணவன் இனித் தொடமுடியாது. ஆயின் அவள் நேசித்ததைத் தானும் கற்று, அவள் நடந்த வழியில் தானும் நடந்து, அவளை மேலும் மேலும் அணுகலாம். எட்டாமை உண்மை, அணுகல் அதனிலும் பெரிய உண்மை. சமயமும் காவியமும் கூறும் இவ்வாறுதலை, உயர்தர வகுப்பு மாணவன் கொப்பியில் எழுதும் ஒரு வரித் தொடர் கூறிவிடுகிறது. கணிதத்துக்கு இதயம் இல்லை என்பார் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

நாடகத்திற் குறை இல்லையா எனில், உண்டு. விரைவு மிகுதி. கணிதப் பழக்கமற்ற ஒருவர் முதற்காட்சியிலேயே மூச்சுத் திணறக்கூடும். -1/12 என்பதை வியப்பாகக் காட்டுமிடத்து, அதன் பின்னுள்ள எச்சரிக்கையை அவையோர் அனைவரும் உடன் கொண்டு செல்வர் என்பதும் ஐயமே. மேலும், இராமானுசன் கதையைச் சொல்லும் எவரும் மறக்கலாகாத ஒருவர் சானகி அம்மையார். சிறு வயதில் மணமுடிக்கப்பட்டு, கணவர் கடல் கடந்த ஆண்டுகளைக் காத்திருந்து கழித்து, மீண்டவரை ஓராண்டு நோய்ப்படுக்கையிற் பேணி, பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கைம்பெண்ணாய் வாழ்ந்து 1994இல் மறைந்தவர் அவர். எதிர்காலத்தில் தமிழில் இப்பொருள்பற்றி நாடகம் எழுத முன்வருவோர், அவ்வம்மையாரை நடுமேடையில் நிறுத்துவாராக.

தமிழில் எழுதுவார் உளரோ? ஏன் இல்லாமற் போதல் வேண்டும்? நம் நாட்டிற் கணிதப் பிரிவுக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் நமக்கு இருக்கும் ஆர்வம் வேறெவர்க்கும் இல்லை. ஆனால் எதற்காக அனுப்புகிறோம்? பொறியியலாளர் என்னும் பட்டத்துக்காக. இணைந்த கணிதத்தில் என்ன புள்ளி, இசட் புள்ளி எவ்வளவு என்று கேட்கும் தந்தையர், “மகனே, இன்று படித்ததில் உனக்கு எது அழகாய் இருந்தது?” என்று ஒரு நாளாயினும் கேட்டதுண்டா? தேறாத பிள்ளை கணிதத்தை வெறுக்கிறது. தேறிய பிள்ளை பட்டம் பெற்றதும் மறக்கிறது. இருவருக்கும் இழப்பு ஒன்றே. கல்லூரிப் பரீட்சையில் தவறிய ஒருவரே உலகை வியக்கவைத்தார் என்பதைப் பெற்றோர் மறவாதிருத்தல் நன்று. தவறிய பிள்ளைகள் அனைவரும் இராமானுசர்கள் ஆகிவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. புள்ளிகளால் அளக்கமுடியாத ஒன்று அப்பாடத்தில் இருக்கிறது என்றே சொல்கிறோம். பாடசாலைக் கணித மன்றங்கள் ஆண்டுக்கொரு முறையேனும் போட்டிப் பரீட்சையை ஒதுக்கிவைத்து, நிறுவல் ஒன்றை அரைமணி நேர நாடகமாக ஆடிப் பார்க்கட்டும். யூக்கிளிட்டு ஒருவர், பிடிவாதக்காரர் ஒருவர், கரும்பலகை ஒன்று. செலவு ஒரு கட்டி வெண்கட்டியே!

முடிக்குமுன் மாணவர்க்கு ஒரு விருந்து. நோயுற்றிருந்த இராமானுசனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் சொன்னார். இல்லை, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார் படுக்கையிற் கிடந்தவர். 1இன் கனமும் 12இன் கனமும் கூட்டினாலும் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் கூட்டினாலும் 1729. அவ்வினத்தில் அடுத்த எண் 4104. அதனை இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதிக் காட்டுக. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய வினா: 5 மாம்பழங்களை எத்தனை வகையாகக் குவியலிடலாம்? அண்ணன்மாரும் அக்காமாரும் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடாமல், தம்பி தங்கையர் தாமே கண்டு துள்ளும் அந்தக் கணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து மகிழ்வாராக. விடைகள் அடுத்த ஞாயிறு.